மூக்கில் ரத்தம் – எல்லாமே சூடு இல்லை



மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பையனுக்கு மூக்குல ரத்தம் வந்தா, “வெயில்ல சுத்துறான், சூடு” என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சாதாரண ரத்தக்கசிவுதான். பிள்ளையை உட்கார வைத்து, தலையை லேசாக முன்னால் குனியச் சொல்லி, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடித்தால் நின்றுவிடும். தலையை அண்ணாந்து வைக்கக் கூடாது. ரத்தம் தொண்டைக்குள் இறங்கும்.

ஆனால் 10 வயதுக்கு மேற்பட்ட பையனுக்கு அடிபடாமலே அடிக்கடி ரத்தம் கொட்டி, ஒரு பக்க மூக்கும் அடைத்தே இருந்தால் கவனிக்க வேண்டும். மூக்கின் பின்புறம், மூளையைத் தாங்கும் மண்டையோட்டின் அடிப்பகுதியை ஒட்டி ஒரு கட்டி வளரலாம். ‘ஆஞ்சியோஃபைப்ரோமா’ என்பது அதன் பெயர். பெரும்பாலும் வளரும் வயது ஆண்பிள்ளைகளுக்கே வரும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் ரத்தக் குழாய்கள் நிறைந்தது. கண் பக்கமும் மூளைப் பக்கமும் பரவும். ‘மூக்குல சதை வளர்ந்திருக்கு’ என்று யாரிடமாவது கிள்ளி எடுக்கச் சொன்னால் ரத்தம் நிற்காமல் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? காது மூக்கு தொண்டை மருத்துவர் மெல்லிய குழாய்க் கேமராவால் மூக்கினுள் பார்ப்பார். பிறகு சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன். பல பிள்ளைகளுக்கு ஆபரேஷனுக்கு முன்பே, கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைத்துவிடுவார்கள். அதனால் ரத்தப்போக்கு குறையும். இன்று பல கட்டிகளை முகத்தைக் கிழிக்காமல் மூக்கு வழியாகவே எடுக்கிறார்கள். திரும்ப வளரக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லும் நாளில் மறுபரிசோதனைக்குப் போவது கட்டாயம்.

இன்னொரு கட்டி பிட்யூட்டரி சுரப்பியை ஒட்டி வரும். ஆண், பெண் இருவருக்கும் வரும். காலையில் தலைவலி, வாந்தி, பக்கவாட்டில் பார்வை குறைவு, உயரம் கூடாமை, ஓயாத தாகம் ஆகியவை அதன் அறிகுறிகள். ஆபரேஷனுக்குப் பிறகும் பல பிள்ளைகளுக்கு ஹார்மோன் மருந்து ஆயுள் முழுக்கத் தேவைப்படும். நாமாக நிறுத்தக் கூடாது.

எங்கே போவது? முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

கந்துவட்டிக்குப் போகும் முன், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் செய்யலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். யார் வீட்டுப் பிள்ளைக்காவது இந்த அறிகுறி இருந்தால், துணைக்கு ஒருத்தி போய் வருவோம்.