கும்பகோணத்துக்குக் குடிவருகிறீர்களா? முதலில் படிக்கட்டைப் பாருங்கள்

மே மாதக் கடைசியில் என் அக்கா மகள் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு கும்பகோணத்துக்கு வந்து இறங்கினாள். மருமகனுக்கு வேலை மாற்றல். பெண் நான்காம் வகுப்பு, பையன் யு.கே.ஜி. சாமான் ஏற்றிய டெம்போ சந்துக்குள் திரும்ப முடியாமல் மடத்துத் தெரு முனையில் நின்றுவிட்டது. பீரோவை நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பழைய ஊருக்குக் குடிவருவது அப்படித்தான். வீடு பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் தெரு அகலம் நம் கையில் இல்லை.

மறுநாள் பள்ளி பார்க்கக் கிளம்பினோம். ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் கட்டண விவரம், சீருடை, புத்தகம் எல்லாம் பேசி முடித்த பிறகு அவள் கேட்டாள்: “சார், தீயணைப்புத் துறை சான்று கொஞ்சம் பார்க்கலாமா?” எதிரே இருந்தவர் கோபப்படவில்லை, திகைத்துப் போனார். “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேம்மா.”

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. கேட்கத் தெரிந்திருக்க வேண்டிய ஊர் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரே கட்டடத்துக்குள் இயங்கிய பள்ளிகளின் சமையற்கூடத்தில் பிடித்த தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி மாடி வகுப்பறைகளின் கூரைக்கும் பரவியது. இறங்குவதற்குப் படிக்கட்டு குறுகல். 94 குழந்தைகள் மாண்டார்கள். அந்த விபத்தையொட்டித் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், 2009-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதுக்குமாக உத்தரவிட்டது: பாதுகாப்பு விதிகளை நிறைவேற்றாத கட்டடத்தில் இயங்கும் பள்ளிக்கு அங்கீகாரம் தரக் கூடாது, தீயணைப்புக் கருவிகள் இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். குற்றவியல் வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2014 ஆகிவிட்டது. சட்டம் பிறகு வந்து தண்டிக்கும். முன்கூட்டிக் கேட்க வேண்டியது பெற்றோர்தான்.

கேட்க வேண்டிய நான்கு சான்றுகள்

தமிழ்நாட்டில் தனியார் பள்ளி அங்கீகாரம் வாங்கவும் புதுப்பிக்கவும் நான்கு சான்றுகள் வேண்டும். வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. இவற்றோடு பள்ளியின் அங்கீகார ஆணை. ஒவ்வொன்றிலும் எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். சான்று இருக்கிறதா என்பதோடு நிற்காமல் தேதியையும் பாருங்கள். ஆணையில் எந்த வகுப்பு வரை அங்கீகாரம் என்பதையும் பாருங்கள். எட்டு வரை மட்டும் அனுமதி வாங்கிவிட்டு ஒன்பதாம் வகுப்பு நடத்தினால், மாட்டிக்கொள்வது பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகும் பிள்ளை.

பள்ளி காட்ட மறுத்தால் சண்டை வேண்டாம். மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள் கெடு. அங்கீகாரக் கோப்பு அங்கேதான் இருக்கிறது.

காகிதத்தைப் பார்த்தாயிற்று என்றால் கட்டடத்தைப் பாருங்கள். பழைய ஊரில் பல பள்ளிகள் பழைய மனையிலேயே மேலே மேலே எழும்பியவை. மாடிக்கு எத்தனை படிக்கட்டு? பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது வாசல் கேட்டுக்குப் பூட்டா, தாழ்ப்பாளா? சமையற்கூடம் வகுப்பறையை ஒட்டி இருக்கிறதா? தெருவுக்குள் தீயணைப்பு வண்டி வருமா? எங்கள் பீரோ வர முடியாத சந்தில் அது எப்படி வரும் என்று அன்றைக்கே தோன்றியது.

டி.சி. வரவில்லை என்றால்

வெளியூரிலிருந்து வருபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது மாற்றுச் சான்றிதழில்தான். ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளை அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டம் (2009) ஐந்தாம் பிரிவில் தருகிறது. பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் டி.சி.யை உடனே தர வேண்டும். அது தாமதமாகிறது என்பதைச் சாக்காக வைத்து, புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கவும் கூடாது.

கட்டணப் பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைப்பது பழைய வழக்கம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது: டி.சி. என்பது கட்டண வசூல் கருவியல்ல. பாக்கி விவரத்தை அதில் எழுதவும் கூடாது. பாக்கியைச் சட்டப்படி வேறு வழியில் பள்ளி வசூலித்துக்கொள்ளலாம். பிள்ளையைப் பிணையாக வைக்க முடியாது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தரவுத்தளமான ஈமிஸில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் உண்டு. பழைய பள்ளி அந்தப் பெயரைப் பொதுத்தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியும். டி.சி. கைக்கு வந்து, ஈமிஸில் பெயர் பழைய ஊரிலேயே கிடப்பது உண்டு. ஊரைவிட்டுக் கிளம்புமுன் “பொதுத்தொகுப்புக்கு விட்டாச்சா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

பெங்களூரிலிருந்து வருபவர்களுக்கு மொழிக் கேள்வியும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் தமிழ் கட்டாயப் பாடம். நான்காம் வகுப்புப் பெண் கன்னடத்தை விட்டுத் தமிழுக்கு வந்துவிடுவாள். ஒன்பதாம் வகுப்பில் வரும் பிள்ளை தவிப்பான். அவனுக்கு என்ன வழி என்பதைச் சேர்க்குமுன்பே தலைமை ஆசிரியரிடமும் கல்வி அலுவலகத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயரும் வகையும்

கணித மேதை இராமானுஜன் படித்த நகர உயர்நிலைப் பள்ளி இந்த ஊரில்தான் இருக்கிறது. அவர் வீடு சாரங்கபாணி சன்னதித் தெருவில். பழைய பள்ளிகளின் பெயருக்கு இங்கே தனி மதிப்பு. ஆனால் பெயரைப் பார்க்கும் வேகத்தில், அது எந்த வகைப் பள்ளி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, சுயநிதிப் பள்ளி மூன்றும் வேறு வேறு.

மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது அது. உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு அது கிடையாது. “சம்பளம் அரசாங்கம்தானே தருது, அதுவும் அரசுப் பள்ளிதான்” என்று நினைத்துச் சேர்த்துவிட்டுப் பிளஸ் டூ முடித்த பிறகு கண்ணைக் கசக்கிப் பயனில்லை. அதே நேரம் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. எந்த வகைப் பள்ளி என்று ஆறாம் வகுப்பிலேயே தெரிந்து முடிவெடுங்கள்.

தனியார் பள்ளியில் பணம் இல்லாமல் சேர ஒரு கதவு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி நுழைவு நிலை வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டோருக்கும். விண்ணப்பம் இணையத்தில். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கும். 2025-இல் மத்திய நிதிச் சிக்கலால் பல மாதம் தள்ளிப்போனது. 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சிறுபான்மைப் பள்ளிகள் இந்தச் சட்டத்துக்குள் வராது.

டொனேஷன், நேர்காணல், ரசீது

பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைத்துச் சேர்ப்பது கல்வி உரிமைச் சட்டத்தில் குற்றம். முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து 50,000 ரூபாய் வரை. டொனேஷன் வாங்கினால் வாங்கிய தொகையின் பத்து மடங்கு வரை அபராதம். எட்டாம் வகுப்பு வரைக்குமான சேர்க்கைக்கு இது பொருந்தும்.

ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு, 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கக் கூடாது. “குழு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு?” என்று கேளுங்கள். எந்தத் தலைப்பில் பணம் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். ரசீது தராத பணத்துக்குப் பின்னால் புகார் கொடுக்க எதுவும் மிஞ்சாது.

வேன் விஷயத்திலும் கவனம் வேண்டும். சென்னை சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்தில் இருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த 2012-இல்தான் பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் வந்தன. மஞ்சள் வண்ணம், உதவியாளர், ஆண்டுதோறும் ஆய்வு எல்லாம் அதில் இருக்கின்றன. பத்துப் பிள்ளைகளை அடைக்கும் ஆட்டோவுக்கு இவை எதுவும் இல்லை. மாதம் முன்னூறு ரூபாய் மிச்சம் என்று அதில் ஏற்றாதீர்கள்.

திண்ணை வீடும் அடிமனையும்

திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கிணற்றடி என்று நீளும் வீட்டைப் பார்த்ததும் மனசு விழுந்துவிடும். வாடகைக்கு எடுப்பதானால் எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம் என்கிறது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். 90 நாளுக்குள் வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். ஒப்பந்தமே இல்லை என்பது வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கான ஒரு காரணமாகவே அந்தச் சட்டத்தில் இருக்கிறது. கல்வியாண்டு நடுவில் அப்படி நேர்ந்தால் பிள்ளைகள் பாடு திண்டாட்டம். வேறு உடன்பாடு இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆகவே “பத்து மாத அட்வான்ஸ்” என்ற வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டால் சட்டம் துணைக்கு வராது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகார அமைப்பில் முறையிடலாம்.

வாங்குவதானால் இன்னும் நிதானம் வேண்டும். கும்பகோணத்தில் நிறைய வீடுகள் நிற்பது கோயில் மனையிலும் மடத்து மனையிலும். சுவரும் கூரையும் குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது. அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் அந்த இடத்தை விற்பதும் ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதும் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி செல்லாது. தரகர் “காலங்காலமா கைமாறிக்கிட்டுதான் இருக்கு” என்பார். கைமாறியது கட்டடம். வில்லங்கச் சான்றோடு நில்லாமல் நகர நில அளவைப் பதிவேட்டில் மனை யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

தாராசுரம் பக்கம் மனை பார்ப்பவர்களுக்கு ஒரு வரி கூடுதல். ஐராவதேசுவரர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். அனுமதியில்லாமல் கட்டியதை இடிக்க உத்தரவு வந்தால், விற்றவர் கூட நிற்கமாட்டார்.

எங்கே முறையிடுவது?

வாயால் சொன்ன புகார் காற்றோடு போகும். முதலில் பள்ளித் தாளாளருக்குத் தேதியிட்ட கடிதம் கொடுத்து, நகலில் ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். பிறகு மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் தஞ்சாவூரில் முதன்மைக் கல்வி அலுவலர். கல்வி உரிமை மீறலுக்கு உள்ளாட்சி அமைப்பிடம் மனு கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதன்மேல் முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு. பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. அடி, மிரட்டல், பாலியல் தொல்லை என்றால் கடிதம் எழுதிக் காத்திருக்காதீர்கள், உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

அக்கா மகள் கேட்ட சான்று ஒரு வாரம் கழித்து வந்தது. காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதையும் சேர்த்துக் காட்டினார்கள். வேறு பள்ளியில் சேர்த்தாள். அங்கே இரண்டு படிக்கட்டு.

ஜூலை 16 அன்று ஊரில் அந்தக் குழந்தைகளின் படங்களுக்கு முன் விளக்கேற்றுவார்கள். அன்று மாலை பள்ளிவிட்டு வரும் உங்கள் பிள்ளையிடம், சாப்பிட்டாயா, வீட்டுப்பாடம் என்ன என்று கேட்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: “திடீர்னு எல்லாரும் வெளியே ஓடணும்னா, உன் கிளாஸ் எந்தப் படி வழியா இறங்கும்?” பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை என்றால், மறுநாள் காலையில் பள்ளிக்குப் போக வேண்டியவர் நீங்கள்.