குருவியை யார் எண்ணினார்கள்?

செல்பேசிக் கோபுரங்களால் சிட்டுக்குருவிகள் அழிந்துவருகின்றன என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். 2018-ல் வந்த ‘2.0’ திரைப்படத்தில் கேட்டிருப்பீர்கள். மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாள் வந்தால் வாட்ஸ்அப்பிலும் இதே செய்தி சுற்றும். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். எடுக்கலாம். ஆனால் நடுவர், “இது உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

“பத்து இடத்தில் படித்தேன்” என்பது பதில் ஆகாது. பத்துப் பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தால் அது ஒரே ஒரு தகவல்தான். ஆகவே ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். குருவிகளை யார் எண்ணினார்கள்? எங்கே, எந்த ஆண்டுகளில், எப்படி எண்ணினார்கள்? வாட்ஸ்அப் செய்தியில் எண்ணியவர் பெயரே இருக்காது. திரைப்படம் பறவைகள்மீது நமக்கு அன்பை ஊட்டியது, அது நல்ல காரியம். ஆனாலும் அது கற்பனைக் கதை. சான்றாகக் காட்ட முடியாது. செய்தித்தாளில் ஒருவர் பேட்டி கொடுத்திருந்தால், அவர் எண்ணிப் பார்த்துச் சொன்னாரா, தன் கருத்தைச் சொன்னாரா என்று பாருங்கள்.

உண்மையில் எண்ணியவர்களும் இருக்கிறார்கள். ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற அறிக்கை 2020-ல் வெளியானது. கோவையில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையம் உட்படப் பல நிறுவனங்கள் சேர்ந்து அதை உருவாக்கின. பறவை நோக்கர்கள் 15,000 பேருக்கும் மேல் பதிவுசெய்த ஒரு கோடிக்கும் அதிகமான குறிப்புகள்தான் அதன் அடிப்படை. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால், 25 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிட்டுக்குருவிகளின் நிலை பெரிய மாற்றமில்லாமல் இருக்கிறது என்கிறது அது. சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற பெருநகரங்களில் மட்டும் குறைந்திருக்கின்றன. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும், பூச்சிகள் குறைந்ததும் கூடு கட்ட இடம் இல்லாததும் காரணமாக இருக்கலாம் என்றும் சொல்கிறது. குருவி தானியம் தின்னும் பறவைதான். ஆனால் குஞ்சுக்குப் பூச்சி வேண்டும்.

இந்த அறிக்கையையும் கேள்வி கேட்டே படியுங்கள். 2000-க்கு முந்தைய பதிவுகள் அதில் குறைவு. இப்படி ஒரு குறை இருப்பதால் அறிக்கையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

காலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. பிரிட்டனில் சிட்டுக்குருவிகள் 1970-களிலேயே குறையத் தொடங்கிவிட்டன. அங்கே செல்பேசிச் சேவை வந்ததோ 1985-ல்தான். பின்னால் வந்த ஒன்று முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியுமா? அதே சமயம், பிரிட்டன் கதை உங்கள் ஊர்க் கதையும் ஆகிவிடாது. அங்கே என்ன நடந்தது என்பதற்குத்தான் அது சான்று.

இனி உங்கள் கருதுகோளுக்கு, அதாவது நீங்கள் சோதித்துப் பார்க்கப்போகும் ஊகத்துக்கு, வருவோம். ‘சிட்டுக்குருவிகளைக் காப்போம்’ என்பது முழக்கம். ‘சிட்டுக்குருவிகள் ஏன் குறைகின்றன?’ என்பது நல்ல கேள்வி, ஆனால் இரண்டு மாதத்தில் ஒரு குழுவால் விடை காண முடியாத அளவுக்குப் பெரியது. அதைச் சுருக்குங்கள். ‘எங்கள் ஊரில் ஓட்டு வீடுகள் உள்ள தெருவில், மாடி வீடுகள் மட்டுமே உள்ள தெருவைவிடக் குருவிகள் அதிகம், கூடு வைக்க இடுக்குகள் இருப்பதே காரணம்.’ இப்போது ஓர் இடம், ஓர் ஒப்பீடு, ஒரு காரணம் என எல்லாம் இருக்கின்றன. முக்கியமாக, இது தவறாகவும் போகலாம். தவறு என்று காட்ட வழியே இல்லாத வாக்கியத்தை வைத்து ஆய்வு செய்ய முடியாது.

ஒரே நீளமுள்ள இரண்டு தெருக்களைத் தேர்ந்தெடுத்து, காலையில் ஒரே நேரத்தில் இரண்டு குழுக்களாக எண்ணுங்கள். கூரை இடுக்கு, மின்சார மீட்டர் பெட்டி, கடை ஷட்டரின் மேற்பகுதி என்று எங்கெல்லாம் கூடு இருக்கிறதோ குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவில் மட்டும் அரிசிக் கடை இருக்கிறதா? அப்படியானால் சிந்திய அரிசிக்காகக் குருவிகள் வந்திருக்கலாம்; வேறு தெருவைத் தேடுங்கள். எண்ணி முடித்தபின் கணக்கு உங்கள் கருதுகோளுக்கு எதிராக வந்தால், ஓர் எண்ணைக்கூட மாற்றாமல் அப்படியே எழுதி மாநாட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.