நால்வர் ஓடினால் வேகம் கூடுவது எப்படி?

2025 மே மாதம் தென்கொரியாவின் குமியில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், தமிழகத்தின் அபிநயா ராஜராஜன் இடம்பெற்ற இந்திய மகளிர் 4×100 மீட்டர் தொடரோட்ட அணி 43.86 விநாடியில் வெள்ளி வென்றது. ஆளுக்குச் சராசரி 10.97 விநாடி. ஆனால் 100 மீட்டர் தனி ஓட்டத்தில் இந்திய வீராங்கனை டூட்டி சந்த் 2021இல் படைத்த தேசியச் சாதனையே 11.17தான். காரணம், முதல் வீராங்கனை மட்டுமே அசையாத நிலையிலிருந்து கிளம்புகிறார். மற்ற மூவரும் 30 மீட்டர் மாற்றுப் பகுதியில் ஓடத் தொடங்கி, வேகமெடுத்த பிறகே பேட்டன் என்னும் கைக்கோலை வாங்குகிறார்கள்.

அப்படியானால் வேகமான நால்வர் இருந்தால் போதாதா? போதாது. 2022 யூஜின் உலகப் போட்டியில் மகளிர் 100 மீட்டரின் மூன்று பதக்கங்களையும் அள்ளிய ஜமைக்கா, தொடரோட்டத்தில் அமெரிக்காவிடம் 0.04 விநாடியில் தோற்றது. கைமாற்றும் முக்கியம்: வாங்குபவர் முந்திப் பாய்ந்தால் பேட்டன் எட்டாது. தாமதித்தால் கொடுப்பவர் வேகத்தைக் குறைக்க நேரும். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் ஓடிப் பழகும் பெண்களுக்கும் இதுவே கணக்கு: கால் வேகத்தோடு கைமாற்றும் பழக வேண்டும்.