சீட்டைக் கழட்டினா தூக்கமும் போச்சு!

நாளைக்கு மெஷின் டிசைன் எக்ஸாம். நைட் ரெண்டு மணிக்கு புக்கை மூடி வெச்சுட்டு ஆன்லைன்ல ஹெட்போன் ஆர்டர் பண்ற ஆளா நீங்க? அதே ரெண்டு மணிக்கு அந்த மாதிரி டப்பாக்களைச் சுமந்துக்கிட்டு வானத்துல கொட்டக் கொட்ட முழிச்சிருக்கிற ரெண்டு பேரைப் பத்தின மேட்டர் இது. ஏர்ஹோஸ்டஸ் கிடையாது, கைதட்டுற பாசஞ்சர் கிடையாது. பின்னாடி டன் கணக்கில் அட்டைப்பெட்டி மட்டும்தான். பல சமயம் அவங்க ஓட்டுற விமானமே செகண்ட் ஹேண்ட்!

பதறாதீங்க, செகண்ட் ஹேண்ட்னா ஓட்டை உடைசல் இல்லை. பல வருஷம் பயணிகளோட பறந்த போயிங் 767 மாதிரி ஒரு விமானத்தை வாங்கி சீட், கிச்சன், டாய்லெட் எல்லாத்தையும் கழட்டுவாங்க. இடது பக்க உடம்பை வெட்டி, ஒரு முழு பேலட் உள்ளே போற அளவுக்குக் கதவு வைப்பாங்க. வெட்டின இடம் வீக் ஆகுமே? அதைச் சுத்தி ஃப்ரேம் கொடுத்து, தரைக்கு அடியில் இருக்கிற பீம்களையும் பலப்படுத்துவாங்க. ஜன்னல்களை அடைச்சிடுவாங்க. பேலட் உருண்டு போக தரையில் ரோலர். எனக்கு ரொம்பப் பிடிச்சது, காக்பிட்டுக்குப் பின்னாடி வர்ற தடுப்பு. விமானம் எதிலாவது மோதினா சரக்கு முன்னாடி பாய்ஞ்சு பைலட்டை நசுக்கிடக் கூடாதில்லையா? அதுக்காக 9 ஜி விசையைத் தாங்குற மாதிரி, அதாவது சரக்கோட எடையைப் போல ஒன்பது மடங்கைத் தாங்குற மாதிரி அதை டிசைன் பண்றாங்க.

ஏன் இவ்வளவு கஷ்டம், புதுசா வாங்கலாமே? கணக்கு உதைக்குது பாஸ். பயணிகள் விமானம் நாள் முழுக்கப் பறந்து காசு பார்க்கும். கூரியர் விமானம் பெரும்பாலும் ராத்திரியில் சில மணி நேரம்தான் பறக்கும். பழைய இன்ஜின் கொஞ்சம் கூட பெட்ரோல் குடிச்சாலும், விமானம் சல்லிசா கிடைச்சா லாபம்தான். (பெட்ரோல் இல்லை, ஏடிஎஃப்னு ஏரோநாட்டிகல் பசங்க சண்டைக்கு வருவாங்க. ஓகே, ஏடிஎஃப்!) சென்னையை பேஸா வெச்சிருக்கிற ப்ளூ டார்ட் ஏவியேஷன் பறக்கவிட்ட 757-களும் இப்படிப் பயணிகள் விமானமா இருந்து மாறினதுதான். அமேசான் முதன்முதலா சொந்தமா விமானம் வாங்கினப்போ, 2021 ஜனவரியில், டெல்டாகிட்ட இருந்து ஏழு, வெஸ்ட்ஜெட்கிட்ட இருந்து நாலுன்னு பதினோரு பழைய 767-களைத்தான் வாங்கினாங்க.

விமானம் அமேசானோடது. ஆனா பைலட் அமேசான் ஆள் இல்லை. அமெரிக்காவில் அதுக்குன்னு ஏபிஎக்ஸ் மாதிரி கான்ட்ராக்ட் கம்பெனிகள் இருக்கு. ஃபெடெக்ஸ், யூபிஎஸ் பைலட்டுகளுக்குச் சம்பளம் எக்கச்சக்கம். அதே 767-ஐ, அதே ராத்திரியில், கான்ட்ராக்ட் கம்பெனிக்காக ஓட்டுறவங்களுக்கு அதைவிடக் கம்மி. பெரும்பாலும் பறக்கிற மணிக்குத்தான் காசு, மாசத்துக்கு இவ்வளவுன்னு ஒரு மினிமம் உண்டு. நடுராத்திரி ஹப்பில் இறங்கி, பெட்டிகளைப் பிரிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, விடியறதுக்குள்ள மறுபடி கிளம்பணும். அந்தக் காத்திருப்பு பறக்கிற கணக்கில் வராது.

2016 நவம்பர் 22. அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு ரெண்டே நாள். 'ஆள் பத்தலை, லீவு நாள்லயும் கூப்பிட்டு ஓட்டச் சொல்றாங்க'ன்னு ஏபிஎக்ஸ் பைலட்டுகள் ஸ்ட்ரைக்கில் இறங்கினாங்க. கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு. வேலைக்குத் திரும்புங்கன்னு கோர்ட் உடனே ஆர்டர் போட, ஸ்ட்ரைக் குளோஸ். மத்தவங்க வான்கோழி சாப்பிட உட்கார்ந்தப்போ இவங்க மறுபடி காக்பிட்டில்.

சம்பளத்தையாவது பேசித் தீர்த்துக்கலாம். எனக்கு நிஜமாவே கோபம் வந்தது தூக்க விஷயத்தில்தான். 2009-ல் கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, பைலட் ஓய்வுக்கு அமெரிக்க அரசு புது விதி போட்டுச்சு. 2014 ஜனவரி 4 முதல் அமல். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டூட்டி ஆரம்பிச்சா, ரெண்டு பைலட் இருக்கிற பயணிகள் விமானத்தில் அதிகபட்சம் 9 மணி நேரம்தான். சரக்கு விமானத்துக்கு? இந்த விதி கட்டாயம் இல்லைன்னு விட்டுட்டாங்க. பழைய விதிப்படி 24 மணி நேரத்தில் 16 மணி நேரம் வரை டூட்டி போடலாம். சரக்கு கம்பெனிகளுக்கு ஆகிற செலவோட ஒப்பிட்டா கிடைக்கிற பலன் கம்மின்னு காரணம் சொன்னாங்க. அதாவது சரக்கு விமானம் விழுந்தா சாகிறது ரெண்டு மூணு பேர்தானே! யூபிஎஸ் பைலட் சங்கம் கேஸ் போட்டு, 2016-ல் தோத்துப் போச்சு.

இதுக்கு நடுவில், 2013 ஆகஸ்ட் 14 விடியற்காலை யூபிஎஸ் 1354 விமானம் அலபாமாவின் பர்மிங்காம் ரன்வேக்குக் கொஞ்சம் முன்னாடியே தரையில் மோதி, ரெண்டு பைலட்டும் இறந்துட்டாங்க. காக்பிட் ரெக்கார்டரைப் போட்டுக் கேட்டா, பயணிகள் விமானத்துக்கு ஒரு விதி, நமக்கு ஒரு விதியான்னு அவங்களே பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. அவங்க வாங்கினது அந்தத் துறையிலேயே டாப் சம்பளம்! விசாரணை அறிக்கை விதி மேல் மட்டும் பழி போடலை. இறங்கும்போது உயரத்தைக் கவனிக்காததுதான் முக்கியக் காரணம்னு சொன்னது. துணை பைலட் ஓய்வு நேரத்தில் சரியா தூங்காததையும் சேர்த்துச் சொன்னது.

மெஷின் டிசைன்ல ஃபட்டீக்னு ஒரு சாப்டர் வரும். 2025 நவம்பர் 4-ல் லூயிவில்லில் யூபிஎஸ்ஸோட எம்டி-11 ஒண்ணு டேக் ஆஃப் ஆகும்போது இடது இன்ஜின் கழன்று விழுந்துச்சு. அது முன்னாடி தாய் ஏர்வேஸ் பயணிகளைச் சுமந்த விமானம். இன்ஜினைப் பிடிச்சிருந்த பாகத்தில் ஃபட்டீக் விரிசல் இருந்ததை விசாரணை கண்டுபிடிச்சுது. விபத்து நடந்த சில நாள்லயே அமெரிக்காவில் எம்டி-11 எல்லாத்தையும் தரையில் நிறுத்திட்டாங்க. மனுஷனோட ஃபட்டீக்குக்கு? சரக்கு பைலட்டையும் புது விதிக்குள்ள கொண்டு வரணும்னு அமெரிக்க காங்கிரசில் பல தடவை மசோதா வந்திருக்கு. ஒண்ணும் பாஸ் ஆகலை.