மாஞ்சோலை லயன் வீடுகளுக்கு நூறு வயது நிறையாது

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நெல்லை மாவட்ட மழை அளவுப் பட்டியலின் உச்சியில் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்ற பெயர்கள் வந்து நிற்கும். மாவட்டத்தில் பலருக்கு இந்த ஊர்கள் அறிமுகமானதே மழைக் கணக்கில்தான். அந்த மழையில் நனைந்து கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் பட்டியல் சாதியினர் என்பது அந்தப் பட்டியலில் வராது.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் சுமார் 8,373 ஏக்கரை பாம்பே பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. நெல்லை, குமரி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் மலையேற்றப்பட்டார்கள். காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்கள், வரிசை வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் நான்கு தலைமுறை வாழ்ந்தார்கள். ஜமீன் ஒழிந்தது. 1988-ல் களக்காடு - முண்டந்துறை, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமானது. 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இந்தக் காப்பகமும் அதற்குள் வந்தது. குத்தகை முடியும் நாள் 2028 பிப்ரவரி 11. நிறுவனம் அதுவரைகூடக் காத்திருக்கவில்லை. 2024 ஜூன் மாதமே விருப்ப ஓய்வுத் தாளை நீட்டி வேலையை நிறுத்திவிட்டது. தோட்டத்தை அரசின் டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதே ஆண்டு டிசம்பரில் ஏற்கவில்லை.

இனி அங்கே காடு வளரும் என்கிறார்கள். வளரட்டும். தாமிரபரணியில் தண்ணீர் வர வேண்டும் என்பதில் நமக்கும் அக்கறை உண்டு. ஆனால், அந்த லயன் வீடுகள், பள்ளிக்கூடங்கள், தொழிலாளர்கள் காசு சேர்த்து எழுப்பிய கோயில்கள், தேவாலயங்கள், மூதாதையரைப் புதைத்த இடங்கள் ஆகியவற்றை என்ன செய்வது என்று யாரும் பேசக் காணோம். இடிப்பதா, இற்றுப்போக விடுவதா, காப்பதா?

பழைய கட்டடத்தைக் காக்க நாட்டில் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 1958-ம் ஆண்டு மத்தியத் தொல்பொருள் சட்டப்படி ஒரு கட்டடம் தொன்மைச் சின்னம் என்ற தகுதியைப் பெறக் குறைந்தது நூறு வயதாகியிருக்க வேண்டும். குத்தகையோ 99 ஆண்டு. சட்டம் கேட்கும் வயது வருவதற்குள் ஊரே காலியாகிவிடும். வயது நிறைந்தாலும், வரலாற்றுச் சிறப்போ கலைச் சிறப்போ இருக்க வேண்டும் என்பார்கள். கூலிக்காரன் குடியிருந்த ஓட்டு வீட்டில் கலைச் சிறப்பைத் தேடி எந்த அதிகாரி மலையேறப் போகிறார்?

காட்டுக்குள் எதையுமே காக்கக் கூடாது என்பது வனத்துறையின் கொள்கையல்ல. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில், டாப்சிலிப் பக்கம், ஹியூகோ வுட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது. 1933-ல் இறந்தவர். வெட்டித் தீர்த்த தேக்குக் காட்டை மறுபடி தழைக்க வைத்தவர் என்பதால் அந்த மரியாதை. அதில் நமக்குப் புகார் இல்லை. நம் முண்டந்துறையிலும் வனத்துறை ஓய்வு விடுதி இருக்கிறது. அதற்குச் சுண்ணாம்பு அடிக்க யாரும் நீதிமன்றம் போனதில்லை. துரையின் கல்லறை நிற்கலாம், அதிகாரியின் பங்களா நிற்கலாம், கொழுந்து பறித்த பாட்டியின் கல்லறை மட்டும் காட்டுக்கு இடைஞ்சல் என்றால் அது என்ன நியாயம்?

இது வெறும் நினைவுச் சின்னப் பேச்சல்ல, உரிமைப் பேச்சு. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, பழங்குடியல்லாத பிற வனவாசிகள் உரிமை கோர வேண்டுமானால் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930-க்குப் போய் நிற்கிறது. தோட்டத் தொழிலாளர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்பதில் வழக்கு உண்டு, வாதம் உண்டு. ஆனால் சான்றுக்கு எதைக் காட்டலாம் என்று அதே சட்டத்தின் விதிகள் சொல்வதைக் கவனியுங்கள்: வீடுகள், கிணறுகள், இடுகாடுகள், வழிபாட்டு இடங்கள். பட்டா இல்லாதவனுக்கு அவன் பாட்டன் புதைந்த இடமே பத்திரம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. அந்த இடுகாட்டைப் புதர் மூடினால் பத்திரம் செல்லரித்தது என்றுதான் பொருள். பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடும் அப்படிப்பட்டவையே. அவை இப்போது யார் பொறுப்பில், எந்த அலமாரியில் இருக்கின்றன என்று மாவட்ட நிர்வாகம் இன்றே கேட்க வேண்டும்.

இதே காப்பகத்துக்குள் இன்னொரு உதாரணம் இருக்கிறது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் மக்கள் கூடும் இடம். அங்கே பட்டவராயன் சன்னதியில் பக்தர்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். பட்டவராயன் என்பவர் முத்துப்பட்டன். பிராமணராகப் பிறந்து, அருந்ததியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, செருப்புத் தைத்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போராடி உயிர்விட்டவர் என்று வில்லுப்பாட்டு சொல்கிறது. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகளே, பகடை எடுத்து வளர்த்தார் என்று பிற்காலத்தில் கதையை மாற்றிப் பாடியதைப் பேராசிரியர் நா.வானமாமலை எடுத்துக்காட்டினார். கோயில் நிற்கிறது, செருப்பும் தொங்குகிறது. கதையில்தான் கை வைத்தார்கள். கட்டடத்தை மட்டும் காத்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் திருவிழாவில் சிங்கம்பட்டி ஜமீனுக்கு ராஜ உடையில் வீற்றிருக்கும் மரியாதை இருந்தது. ஜமீன் ஒழிப்புக்குப் பின்னும், புலிகள் காப்பகம் வந்த பின்னும் அது நீடித்தது. கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020-ல் மறையும் வரை வனத்துறை அதை மறுக்கவில்லை. வழக்கத்துக்கு மதிப்புத் தரும் வழி இருக்கிறது என்று ஆகிறதல்லவா? நிலத்தைக் குத்தகைக்கு விட்டவருக்குக் கிடைத்ததில் ஒரு பங்காவது, அந்த நிலத்தில் உழைத்துச் செத்தவர்களின் பிள்ளைகளுக்கு வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றவும், கோயிலில் பொங்கல் வைக்கவும் அனுமதிச் சீட்டுக்கு அலையாத ஓர் உரிமை.

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் நிக்கோடிமஸ் என்று ஒரு சிற்றூர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877-ல் கென்டக்கியிலிருந்து வந்து அமைத்தது. முதலில் வந்தவர்கள் மண்ணைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். 1996-ல் அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை அதை வரலாற்றுத் தலமாக ஏற்றது. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. ஊர் மன்றம், இரண்டு தேவாலயங்கள், ஒரு பள்ளி, ஒரு விடுதி, அவ்வளவுதான். ஊரில் இன்று வசிப்பவர்கள் மிகச் சிலர். ஆனாலும் ஒவ்வொரு ஜூலை இறுதியிலும் வம்சாவளியினர் எங்கெங்கிருந்தோ வந்து கூடுகிறார்கள். அதே நாட்டில் கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவுக்காக வெளியேற்றப்பட்டவர்களின் ஊரான கேட்ஸ் கோவில், பழைய மரக்குடில்களை மட்டும் வைத்துக்கொண்டு, பிற்காலத்து வீடுகளைப் பூங்காக்காரர்கள் அகற்றினார்கள். பார்க்க அழகாக இருப்பதைக் காத்தார்கள், வாழ்ந்த கதையை விட்டார்கள். மாஞ்சோலையிலும் மேலாளர் பங்களாவைச் சூழல் சுற்றுலா விடுதியாக்கிவிட்டு லயன்களைத் தரைமட்டமாக்கும் ஆபத்து இருக்கிறது.

நமக்கும் ஒரு ஜூலை இருக்கிறது. 1999 ஜூலை 23. ஊதிய உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு நெல்லையில் ஊர்வலம் போனவர்கள் மீது தடியடி. கொக்கிரகுளத்தில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில் ஒன்று. ஆண்டுதோறும் ஆற்றில் மலர் தூவுகிறோம். அந்த ஊர்வலம் புறப்பட்ட காரணம் மேலே அந்த லயன்களில்தான் இருந்தது.

வீடும் நிலமும் வேலையும் கேட்கிறவர்களிடம் அருங்காட்சியகம் காட்டி அனுப்பிவிடக் கூடாது. மறுவாழ்வு முதலில். அது நடக்கும்போதே, ஆட்கள் இன்னும் திசைக்கொன்றாகச் சிதறாதபோதே, ஐந்து குடியிருப்புகளிலும் எந்த வீடு எப்போது கட்டப்பட்டது, எந்தக் கல்லறை யாருடையது என்று முதியவர்களைக் கூட்டிப்போய்க் கேட்டு எழுத வேண்டும். ஒரு லயன் வரிசையையாவது, ஒரு பள்ளியையாவது, எல்லா இடுகாடுகளையும் காப்பகத்தின் மேலாண்மைத் திட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். குத்தகை முடிந்த மறுநாள் சாவி வனத்துறை கைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு உள்ளே நுழையவே சோதனைச்சாவடியில் நிற்க வேண்டும்.