ஏர் ரைஃபிள் வெளிநாட்டுல இருந்து வாங்கலாமா? ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



போன மாசம் நம்ம க்ளையன்ட் ஒருத்தர் வாட்ஸ்அப்ல ஒரு லிஸ்ட் அனுப்பினார். ஐடி வேலை, வயசு 28, ஒரு வருஷமா ரைஃபிள் கிளப் போயிட்டு இருக்கார். லிஸ்ட்ல மூணு அயிட்டம்: ஒரு ஷூட்டிங் ஜாக்கெட், ஒரு ஏர் ரைஃபிள், ஒரு ரீலோடிங் பிரஸ். "அண்ணா, முதல் ரெண்டும் ஐரோப்பிய வெப்சைட்ல. ரைஃபிளுக்கு காசு கட்டிட்டேன். பிரஸ்ஸை அமெரிக்கால இருந்து கசின் பெட்டியில போட்டு எடுத்துட்டு வர்றான். மொத்தம் டியூட்டி எவ்வளவு வரும்?"

நான் கால்குலேட்டரை எடுக்கலை, போனை எடுத்தேன். "தம்பி, டியூட்டி அப்புறம். முதல்ல கசினுக்கு போன் போட்டு பிரஸ் வேண்டாம்னு சொல்லு."

2024 பாரிஸ் ஒலிம்பிக்ல மனு பாக்கர் 2 வெண்கலம் வாங்கினாங்க. நம்ம கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவனும் அதே ஒலிம்பிக்ல ஏர் ரைஃபிள் சுட்டாங்க. இதையெல்லாம் பார்த்து இந்த ஸ்போர்ட்ல ஆசை வர்றது நல்ல விஷயம். ஆனா வெளிநாட்டுல இருந்து சாமான் வாங்கும்போது விலையைப் பார்க்கறதுக்கு முன்னாடி, அந்தச் சாமான் எந்தப் பெட்டியில விழுதுன்னு பார்க்கணும். பெட்டி மாறினா சட்டமே மாறிடும். அந்தத் தம்பியோட மூணு அயிட்டமும் மூணு வேற பெட்டி.

பெட்டி 1: ஜாக்கெட், ஷூ, கிளவுஸ், ஷூட்டிங் கண்ணாடி

இதெல்லாம் ஆயுதம் கிடையாது. சாதாரண இறக்குமதி மாதிரிதான். சொந்த உபயோகத்துக்குன்னா இறக்குமதியாளர் கோடு கூடத் தேவையில்லை. கூரியர் கம்பெனி கேட்கற கேஒய்சி கொடுத்தாப் போதும். ஆனா வெப்சைட்ல தெரியற விலை கடைசி விலை இல்லை. ஒரு கணக்கு போடுவோம் (வரி விகிதம் பொருளைப் பொறுத்து மாறும், இது உதாரணம்தான்):

- ஜாக்கெட் விலை: ரூ.40,000
- கூரியர்: ரூ.5,000
- இன்ஷூரன்ஸ் (பில் இல்லேன்னா விலையில 1.125%): ரூ.450
- சுங்க மதிப்பு: ரூ.45,450
- அடிப்படை சுங்க வரி 20%: ரூ.9,090
- சமூக நல சர்சார்ஜ் (சுங்க வரியில 10%): ரூ.909
- ஐஜிஎஸ்டி 18% (மேல இருக்கற மூணையும் கூட்டி ரூ.55,449 மேல): ரூ.9,981

மொத்த வரி ரூ.19,980. கவனிச்சீங்களா? கூரியர் காசுக்கும் வரி, வரிக்கு மேலயும் வரி. இதோட கார்டுக்காரங்க ஃபாரின் கரன்சி மார்க்-அப் 3.5%, அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்தா இன்னொரு ரூ.1,858. ஆக ரூ.40,000 ஜாக்கெட் வீட்டு வாசலுக்கு வரும்போது கிட்டத்தட்ட ரூ.67,000. கூரியர் கம்பெனியோட கிளியரன்ஸ் சார்ஜ் தனி.

"கிஃப்ட்னு எழுதச் சொல்லிடலாமே?" அந்தக் கதவு 2019 டிசம்பர்லயே மூடியாச்சு. கிஃப்ட்னு சொல்லி வரியில்லாம கூரியர்ல வரவழைக்க, உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும்தான் விதிவிலக்கு. விலையைக் குறைச்சு எழுதினா சுங்கச் சட்டம் 111-வது பிரிவுல பறிமுதல், 112-ல அபராதம்.

பெட்டி 2: ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல்

நிறைய பேர் மாட்டிக்கறது இங்கதான். 2016 ஆயுத விதிகள்படி, 0.177 இன்ச் (4.5 மி.மீ.) அளவுக்குள்ள, 20 ஜூல் சக்திக்குள்ள இருக்கற ஏர் கன்னை வச்சிருக்க லைசென்ஸ் தேவையில்லை. இது உண்மை. உடனே நம்ம மூளை, "லைசென்ஸ் வேண்டாம்னா இறக்குமதியும் ஃப்ரீதானே"ன்னு போடற கணக்கு தப்பு.

வச்சிருக்கறது ஒரு சட்டம், நாட்டுக்குள்ள கொண்டு வர்றது இன்னொரு சட்டம். ஏர் கன் சுங்க அட்டவணையில ஆயுதங்களுக்கான 93-வது அத்தியாயத்துல வருது. அங்க இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. பேர் பெற்ற ஷூட்டர்களுக்கும் ரைஃபிள் கிளப்புகளுக்கும், அவங்க சொந்த உபயோகத்துக்கு, மத்திய விளையாட்டுத் துறையோட பரிந்துரை இருந்தா அனுமதி உண்டு. வழி இருக்கு, ஆனா வரிசை முக்கியம்: முதல்ல கிளப், மாநில சங்கம் வழியா போட்டிகள்ல ஆடி, இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் வச்சிருக்கற ஸ்கோரை எட்டணும். அப்புறம் பரிந்துரை, அனுமதி. ஆர்டர் கடைசிலதான்.

வரிசையை மாத்தி முதல்லயே ஆர்டர் போட்டா, பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்கும். அபராதம் கட்டி மீட்க விடறதா வேண்டாமாங்கறது, தடை செய்யப்பட்ட பொருளா இருந்தா, அதிகாரியோட முடிவு. அது உங்க உரிமை இல்லை.

பெட்டி 3: ரீலோடிங் பிரஸ், டை, ப்ரைமர், பவுடர்

ரீலோடிங்னா சுட்ட தோட்டாவோட காலி உறையில புது ப்ரைமர், பவுடர், புல்லட் வச்சு மறுபடி தோட்டாவாக்கறது. அமெரிக்காவுல இதுக்கான பிரஸ் சாதாரணமா கடையில கிடைக்கும். நம்ம தம்பியோட அப்பாகிட்ட லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருக்கு. கடைத் தோட்டா விலை ஜாஸ்தி, வீட்டுலயே செஞ்சா மிச்சம்னு அவர் நினைச்சார்.

இப்ப 1959 ஆயுதச் சட்டத்தைத் திறங்க. 2-வது பிரிவுல "தோட்டா, வெடிபொருள்"னா என்னன்னு சொல்ற இடத்துல, அதைத் தயாரிக்கற இயந்திரமும் அதன் பாகங்களும் சேர்ந்தே இருக்கு. அதாவது உள்ள ஒரு குண்டு இல்லாத அந்த இரும்பு பிரஸ்ஸே சட்டத்தோட பார்வையில தோட்டா வகை. 10-வது பிரிவு, லைசென்ஸ் இல்லாம அதைக் கொண்டு வரக் கூடாதுங்குது. 5-வது பிரிவு, லைசென்ஸ் இல்லாம தயாரிக்கக் கூடாதுங்குது. அப்பாவோட லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கறதுக்கு; தோட்டா செய்யறதுக்கு இல்லை. 5-வது பிரிவை மீறித் தயாரிச்சா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சபட்சம் 7 வருஷம் ஜெயில், அதிகபட்சம் ஆயுள்.

ஏர்போர்ட்ல பெட்டியைத் திறந்தா மாட்டறது கசின். அவனோட வேலை, பாஸ்போர்ட், விசா, எல்லாம் தோட்டாவுல கொஞ்சம் மிச்சம் பிடிக்கறதுக்காக. இந்த ரிஸ்க்குக்கு எந்த எக்செல் ஷீட்டும் நியாயம் சொல்லாது.

அப்ப என்ன பண்ணலாம்?

- முதல் ஒரு வருஷம் கிளப் ரைஃபிள்லயே சுடுங்க. ஆசை நிலைக்குதான்னு தெரிஞ்சிடும்.
- சொந்தமா வேணும்னா இந்தியாவுல உரிமம் உள்ள டீலர்கிட்ட, பில்லோட, அடையாள ஆவணம் கொடுத்து வாங்குங்க. ப்ரிஸிஹோல் மாதிரி இந்தியத் தயாரிப்புகளும் இருக்கு.
- துணிமணி, கண்ணாடி மட்டும் வெளிநாட்டுல வாங்கறீங்களா? விலையை 1.7-ஆல பெருக்கி, அந்தத் தொகை கையில இருந்தா மட்டும் ஆர்டர் போடுங்க. இஎம்ஐ வேண்டாம்.
- பாரல், ட்ரிக்கர் மாதிரி பாகங்களை "ஸ்போர்ட்ஸ் சாமான்"னு நினைக்காதீங்க. ஆயுதத்தோட பாகமும் சட்டப்படி ஆயுதம்தான்.
- வாங்கற அன்னிக்கு வரி விகிதத்தையும் இறக்குமதிக் கொள்கையையும் ஒரு தடவை சரி பாருங்க. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும்.

தம்பி கதை என்னாச்சு? கசின் பிரஸ் இல்லாம வந்து சேர்ந்தான். ரைஃபிள் அங்கிருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே கேன்சல் பண்ண வச்சோம். கேன்சலேஷன் சார்ஜ், போறப்ப ஒரு கரன்சி ரேட், திரும்பி வர்றப்ப ஒரு ரேட்னு சுமார் ரூ.9,000 போச்சு. வருத்தப்பட்டார். "இதை ட்யூஷன் ஃபீஸ்னு வச்சுக்கோ"ன்னேன். ஜாக்கெட் மட்டும் முழு வரியும் கட்டி வந்துது. இப்ப அதைப் போட்டுக்கிட்டு கிளப் ரைஃபிள்ல மாநிலப் போட்டிக்குத் தயாராகிட்டு இருக்கார். அந்த ஸ்கோர் வந்தா, அவர் கேட்ட ரைஃபிளுக்கு முறையான வழி திறக்கும்.

இந்தச் சுங்க வரிக் கணக்கை எக்செல்ல படிப்படியா போடறதை நம்ம சேனல் வீடியோவுல காட்டியிருக்கேன், பாருங்க. வெளிநாட்டுல இருந்து ஏதாவது "எடுத்துட்டு வாடா"ன்னு நண்பன்கிட்ட சொல்லற பழக்கம் உள்ளவங்களுக்கு மறக்காம அனுப்புங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!