துணைப்படகும் அதன் கட்டும்

கிள்ளான் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தில் போர்ட் கிள்ளான் அமைந்துள்ளது. 1901ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் திறக்கப்பட்ட இத்துறைமுகம், 1972ஆம் ஆண்டில் இன்றைய பெயரைப் பெற்றது. கொள்கலன்களை ஏற்றி வரும் பெருங்கப்பல்களே இத்துறைமுகத்தின் அடையாளமாகப் பலர் மனத்தில் பதிந்துள்ளன. ஆயினும், கேத்தாம் தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகளும் மீன்பிடிப் படகுகளும் இந்நீர்ப்பரப்பை நாள்தோறும் பயன்படுத்துகின்றன. ஆற்றங்கரையில் அரச சிலாங்கூர் பாய்மரப் படகு மன்றமும் உள்ளது. 1990ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராஜா மூடா அனைத்துலகப் பாய்மரப் படகுப் போட்டி, போர்ட் கிள்ளானில் தொடங்கி, பங்கோர், பினாங்கு வழியாக லங்காவியைச் சென்றடைகிறது.

இத்தகைய உல்லாசப் படகுகளையும் பாய்மரப் படகுகளையும் கூர்ந்து நோக்கினால், பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் ஒரு சிறு படகு இருப்பதைக் காணலாம். அதுவே துணைப்படகு. பெரிய படகின் அடிப்பகுதி நீருக்குள் ஆழமாக அமிழ்ந்திருப்பதால், ஆழமற்ற கரையை அதனால் நெருங்க இயலாது. எனவே, அது சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து கரைக்குச் செல்லவும், குடிநீரும் உணவும் ஏற்றி வரவும், நோயுற்றவரைக் கரை சேர்க்கவும் துணைப்படகே உதவுகிறது. இரவில் கட்டு அவிழ்ந்து துணைப்படகு மிதந்து போய்விட்டால், பெரிய படகில் இருப்பவர்கள் கரையைக் கண்ணால் பார்த்தபடியே கடலில் சிக்கிக்கொள்வர். ஆகவே, அதனைச் சரியாகக் கட்டிவைப்பது படகோட்டிகள் முதலில் கற்க வேண்டிய திறன்களுள் ஒன்றாகும்.

பல படகுகளின் பின்புறத்தில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பலகை போன்ற ஒரு மேடை இருக்கும். நீந்துவோர் இறங்கி ஏறுவதற்காக அமைக்கப்பட்டதால் இதனை நீச்சல் மேடை என்பர். துணைப்படகைக் கட்டுவதற்கும் ஏற்றிவைப்பதற்கும் இம்மேடையே பெரிதும் பயன்படுகிறது.

படகைக் கட்டும் முன் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி, கட்டும் இடம் நீரோடு சேர்ந்து அசைவதா அசையாததா என்பதாகும். கடல்மட்டம் நாள்தோறும் உயர்ந்து தாழ்வதை ஓதம் என்பர். போர்ட் கிள்ளானில் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய இரண்டு முறை நீர் ஏறுகிறது. இரண்டு முறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த இறக்கத்திற்கும் இடையே ஆறு மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் உயர்ந்த மட்டத்திற்கும் தாழ்ந்த மட்டத்திற்கும் இடையிலான வேறுபாடு நான்கு மீட்டரையும் தாண்டும். இது ஒரு மாடி வீட்டின் உயரத்திற்கு ஒப்பாகும். நீர் ஏறியிருக்கும் வேளையில், அசையாத தூண் ஒன்றில் கயிற்றைக் குறுக்கி இறுக்கமாகக் கட்டினால், நீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கும். கயிறு அறும் அல்லது படகு கவிழும். எனவே, தூணில் கட்டும்போது நீரின் இறக்கத்திற்கு ஏற்பக் கயிற்றை நீளமாக விட வேண்டும்.

நீச்சல் மேடையில் கட்டும்போது நிலைமை வேறு. பெரிய படகும் துணைப்படகும் ஒரே நீரில் மிதப்பதால் இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. ஆதலால், இங்கு ஓதத்தின் உயரத்தைக் கணக்கிடத் தேவையில்லை. மாறாக, நீரோட்டம், காற்று, அலை ஆகிய மூன்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஆற்று முகத்துவாரத்தில் ஓதம் மாறும்போது நீரோட்டத்தின் திசையும் மாறும். நீரோட்டம் ஒரு திசையிலும் காற்று எதிர்த்திசையிலும் இருந்தால், ஒற்றைக் கயிற்றில் கட்டப்பட்ட துணைப்படகு பின்னால் நிற்காது. அது முன்னோக்கி வந்து பெரிய படகின் உடலில் மீண்டும் மீண்டும் மோதும்.

சிறிது நேரம் மட்டும் நிறுத்துவதற்கு, துணைப்படகின் முன்பகுதியாகிய அணியத்திலிருந்து வரும் ஒற்றைக் கயிறு போதுமானது. நீண்ட நேரம் நிறுத்த வேண்டுமானால், படகை மேடையின் ஓரத்திற்கு இணையாகக் கொண்டுவந்து, அணியத்திலிருந்து ஒரு கயிறும் பின்பகுதியிலிருந்து மற்றொரு கயிறுமாக இரண்டு இடங்களில் கட்ட வேண்டும். இரண்டு கயிறுகளும் இருப்பதால் படகு சுழலாது. மோதலைத் தாங்குவதற்கு இரண்டிற்கும் இடையே காற்றடைத்த மெத்துகளைத் தொங்கவிட வேண்டும். கயிறு மேடையின் விளிம்பில் உராயும் இடத்தில் பழைய நீர்க்குழாய்த் துண்டையோ தடித்த துணியையோ சுற்றிவிடுவது நல்லது. புதிய கயிறும் ஓயாத உராய்வால் ஒரே இரவில் தேய்ந்துவிடக்கூடும்.

கயிற்றின் வகையும் முக்கியமானது. நைலான் கயிறு சற்று நீண்டு கொடுக்கும். எனவே, அலை இழுக்கும்போது ஏற்படும் அதிர்வைத் தாங்கும். ஆனால், அது நீரில் மூழ்கும். பாலிபுரோப்பிலின் கயிறோ நீரில் மிதக்கும். இதனால், படகைப் பின்னால் இழுத்துச் செல்லும்போது அது சுழலியில் சிக்கும் வாய்ப்பு குறைகிறது.

முடிச்சைப் பொறுத்தவரை இரண்டு பண்புகள் வேண்டும். சுமை இருக்கும்போது அது நழுவக் கூடாது. தேவைப்படும்போது விரைவில் அவிழ்க்க முடிய வேண்டும். சாரணர் இயக்க மாணவர்கள் மலாய் மொழியில் 'திண்டிஹ் காசிஹ்' என்று கற்கும் முடிச்சு இவ்விரு பண்புகளையும் கொண்டது. அதன் கண்ணி எவ்வளவு இழுத்தாலும் சுருங்காது. சுமை நீங்கியதும் எளிதாக அவிழும். எத்தனை முறை சுற்றினாலும் அவிழ்க்க முடியாத முடிச்சு, ஆபத்து வேளையில் கத்தியைத் தேட வைக்கும்.

நெடும்பயணத்தின்போதும் இரவிலும் துணைப்படகை நீரில் விடாமல் மேடைமீது ஏற்றிவைப்பதே பாதுகாப்பானது. முதலில், வெளிப்பொருத்து இயந்திரத்தையும் எரிபொருள் கலனையும் கழற்றிப் பெரிய படகில் வைக்க வேண்டும். பின்னர், காற்றடைத்த துணைப்படகின் ஒரு பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ள பிடிகளை மேடையின் விளிம்பில் உள்ள கொக்கிகளில் மாட்ட வேண்டும். மறுபக்கத்தில் கட்டிய கயிற்றை இழுத்தால், கதவு கீலில் திரும்புவதைப் போலப் படகு திரும்பி, மேடைமீது பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கும். இறுதியில், அதன் இரு முனைகளையும் பட்டைகளால் பெரிய படகோடு பிணைக்க வேண்டும். அகன்ற மேடையில் படகைப் படுக்கவைப்பதும் உண்டு. அப்போது பட்டைகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கட்ட வேண்டும். நேராக மட்டும் கட்டினால், பெரிய படகு சாயும்போது துணைப்படகு பக்கவாட்டில் நழுவும்.

இங்கு எடையைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மேடையும் குறிப்பிட்ட அளவு எடையை மட்டுமே தாங்கும். படுக்கவைத்த துணைப்படகின் உட்பகுதி 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உடையது எனக் கொள்வோம். அதில் 10 சென்டிமீட்டர் உயரத்திற்கு மழைநீர் தேங்கினால், நீரின் அளவு 200 லிட்டர். அதன் எடை 200 கிலோகிராம். அதாவது, மூன்று பெரியவர்கள் இரவு முழுவதும் அந்த மேடைமீது நிற்பதற்குச் சமம். கனமழைக்குப் பேர்போன கிள்ளான் பள்ளத்தாக்கில் இதனை அலட்சியப்படுத்த இயலாது. படகை மேலே ஏற்றியதும் அதன் அடியில் உள்ள வடிகால் அடைப்பானைத் திறந்துவிட வேண்டும். மீண்டும் நீரில் இறக்கும் முன் அதனை மறவாமல் மூட வேண்டும்.

மலாக்கா நீரிணையில் வீசும் 'சுமத்ரா' புயற்காற்றும் இந்த முன்னேற்பாட்டை அவசியமாக்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா தீவின் பக்கமிருந்து இடிமழையோடு புறப்படும் இக்காற்று, பெரும்பாலும் பின்னிரவிலோ விடியலுக்கு முன்போ மேற்குக் கரையைத் தாக்கும். காற்றடைத்த படகு எடை குறைந்தது. பலத்த காற்று அதனை எளிதில் கவிழ்த்துவிடும். எல்லாரும் உறங்கும் வேளையில் காற்று வருவதால், மாலையில் போட்ட கட்டுதான் அப்போது காவல் நிற்கிறது.

மேடையை ஒட்டி வேறு இரண்டு ஆபத்துகளும் உள்ளன. முதலாவது, சுழலி. பெரிய படகைப் பின்னோக்கிச் செலுத்தும்போது, தளர்ந்து கிடக்கும் கயிறு சுழலியில் சுற்றிக்கொண்டால் இயந்திரம் நின்றுவிடும். படகு நீரோட்டத்தின் போக்கில் அடித்துச் செல்லப்படும். ஆகவே, படகைப் பின்னோக்கிச் செலுத்தும் முன் துணைப்படகின் கயிற்றைக் குறுக்கிவிட வேண்டும். இரண்டாவது, புகை. பல படகுகளில் இயந்திரப் புகை பின்புறத்தில்தான் வெளியேறுகிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனைச் சுவாசித்தவருக்குத் தலைவலியும் மயக்கமும் ஏற்படும். மயங்கியவர் நீரில் விழுந்து மூழ்கவும் நேரலாம். எனவே, இயந்திரம் இயங்கும்போது மேடையில் அமர்வதையும், மேடையைப் பிடித்தபடி நீரில் மிதப்பதையும் முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

படகைக் கட்டும் கலை தமிழருக்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து உப்பங்கழியில் நெல்லோடு திரும்பிய படகுகள் கட்டப்பட்டிருந்த காட்சியைக் காட்டுகிறது. அப்படகுகளைக் கொட்டிலில் கட்டிய குதிரைகளுக்குப் புலவர் ஒப்பிடுகிறார். மரங்களைக் கயிற்றால் பிணைத்து மீனவர் செய்த கட்டுமரத்தின் பெயரோ, 'கட்டமரான்' என ஆங்கிலத்தில் புகுந்து, இன்று இரட்டை உடல் கொண்ட நவீனப் படகுகளைக் குறிக்கிறது. அக்கட்டுமரத்தில் ஆணி இல்லை. அலைக்கு ஏற்ப அசைந்துகொடுக்கும் கயிற்றுக்கட்டே அதனைச் சிதறாமல் காத்தது.

துணைப்படகுக்கும் இதுவே பொருந்தும். கட்டுவது என்பது வெறுமனே இறுக்குவதன்று. எதை இறுக்க வேண்டும், எதற்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று நீரின் போக்கறிந்து முடிவு செய்வதாகும். மாலையில் அதற்காகச் செலவிடும் சில நிமிடங்கள், மறுநாள் காலை அனைவரும் கரை சேரத் துணைநிற்கும்.